தடம் ஒரு கட்டத்தில், கப்பல் ஒரு கட்டத்தில்

பருந்தக்காவுக்கு வீட்டில் எதுவும் கண்ணில் படாது. சீப்பைத் தலையில் செருகிக்கொண்டே சீப்பைத் தேடுவார். மூக்குக்கு நேரே இருக்கும் உப்பு டப்பாவைக் காணோம் என்று மூன்று அலமாரிகளைத் திறந்து மூடுவார். அவருடைய வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே இந்தக் கூத்தைப் பார்த்து ரசிப்பது அவருக்குப் பலகாரம் சாப்பிட்ட மாதிரி.

"ஆகாசத்துலேருந்து நடுக்கடல்ல போற கப்பலைக் கண்டுபிடிக்கற கண்ணாம். உப்பு டப்பா தெரியலையாம். வெளியில சொல்லிடாதே, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"கப்பலை யாரும் எடுத்து இடம் மாத்தி வெக்கறதில்லை. நீங்க உப்பை எடுத்தா சர்க்கரை இருந்த இடத்துல வெக்கறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"கப்பல் இடம் மாறாதாக்கும்! நல்லா இருக்கு உன் உத்தியோகம்."

சிரித்துக்கொண்டே இருவரும் கதவைப் பூட்டிவிட்டு ஆளுக்கு ஒரு திசையில் நடப்பார்கள். இருபத்தெட்டு வருடங்களாக அந்தக் கதவு சண்டையோடு பூட்டப்பட்டதில்லை. யார் மேலாவது கோபம் இருந்தால் அதை வாசலுக்கு வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அலுவலகத்தில் அந்தச் சட்டத்தை அவரே மீறியதுதான் இந்தக் கதை.

அந்த உத்தியோகம் இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கடலில் போகும் பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் ஒரு பெட்டி உண்டு. 'நான் இன்ன கப்பல், இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன வேகத்தில் போகிறேன்' என்று அது ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் அதைப் பேச வைப்பவன் மனிதன் அல்லவா? போகக்கூடாத இடத்துக்குப் போகிறவன் பெட்டியின் வாயை அடைத்துவிடுவான். அவனைவிடக் கெட்டிக்காரன், தான் வேறெங்கோ இருப்பதாகப் பெட்டியைப் பொய் சொல்ல வைப்பான். அதற்காகத்தான் இந்த அலுவலகம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்து அனுப்புகிற படத்தையும் பெட்டி சொன்னதையும் அருகருகே வைத்து, சொன்ன இடத்தில் கப்பல் இருந்ததா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்து படிக்கப் போகிறேன் என்று போன பிள்ளை சிநேகிதன் வீட்டில்தான் இருக்கிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற வேலை என்று அக்கா சொல்வார்.

அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கப்புறம் துணி ஆலையில் சேர்ந்து, விளக்குப் போட்ட பலகை மேல் துணியை ஓடவிட்டுப் பழுது பார்க்கும் வேலை. ஒரு இழை தப்பியிருந்தாலும் கை தானாக நின்றுவிடும். ஒரு நாள் ஆலை நோட்டீஸ் பலகையில் 'கூர்மையான கண்கள் தேவை, படிப்பு தடையில்லை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. சும்மா போய்த்தான் பார்ப்போமே என்று போனார். முந்நூறு படங்களைக் காட்டி, எந்தெந்தப் படத்தில் கப்பல் இருக்கிறது என்று கேட்டார்கள். பட்டம் படித்தவர்கள் பலர் இருநூறைத் தாண்டவில்லை. அக்கா அத்தனையையும் சரியாகச் சொல்லிவிட்டு, "இந்த ஒண்ணு மட்டும் கப்பல் இல்லைங்க. கம்ப்யூட்டர் மேல ஈ எச்சம் போட்டிருக்கு. துணி இருந்தாக் குடுங்க, துடைச்சு விடறேன்" என்றார். அன்றைக்கே வேலை. அன்றைக்கே பெயரும் வந்துவிட்டது.

அப்புறம் பதினொரு வருடங்கள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைகூப்பி, "பார்க்க வை சாமி, பார்த்ததை மட்டும் சொல்ல வை" என்று ஒரு வரி வேண்டிக்கொள்வார். அதற்கு மேல் கேட்டுக் கடவுளைத் தொந்தரவு செய்வதில்லை. இத்தனை காலத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எந்த அறிக்கையும் திரும்பி வந்ததில்லை. அது அவருக்கு ஒரு பெருமை. பெருமை என்று வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் மற்றவர்கள் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளவும் மாட்டார்.

இப்படிப் படம் பார்க்கிறவர்களுக்குப் பார்வையாளர்கள் என்று பெயர். அவர்கள் உட்காரும் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. வெளிச்சம் திரையில் விழக்கூடாதென்று பகல் முழுக்க ஜன்னலில் தடித்த திரைச்சீலை. நான்கு மேசைகள். அக்காவின் மேசைக்கு நாலடி தள்ளி 'போர்வை'யின் மேசை. முப்பத்தைந்து வயது மனிதர். ஏ.சி. குளிருக்குப் பயந்து, எந்த மாதமானாலும் சாம்பல் நிறப் போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்திருப்பார். அதனால் அந்தப் பெயர். அக்காவை அக்கா என்பார். அக்கா அவரைத் தம்பி என்பார். கிளி, குருவி மாதிரி எந்நேரமும் பேச்சுத்தான்.

பேச்சு வேலையிலேயே ஒரு பகுதி. செயற்கைக்கோள் அனுப்பும் படம் மிகப் பெரியது. ஒருவர் கண்ணுக்கு அடங்காது. அதனால் கருவி அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஆளுக்கு இத்தனை கட்டம் என்று பிரித்துக் கொடுத்துவிடும். வெட்டு விழுந்த இடத்தில் ஏதாவது இரண்டாகிப் போயிருக்குமோ என்ற பயத்துக்காக ஒரு விதி: அடுத்தடுத்த கட்டம் வைத்திருப்பவர்கள், கையெழுத்துக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பி, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு என்ன இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு ஓரப்பேச்சு என்று பெயர்.

அக்காவும் போர்வையும் ஓரப்பேச்சு பேசினால் அது ஓரத்தோடு நிற்காது. நடுவில் இருப்பது, நேற்று இருந்தது, வீட்டுக் குழாய் ஒழுகுவது என்று எல்லாம் வந்துவிடும். அப்படியிருந்தவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை ஏ.சி.யால் பிரிந்தார்கள்.

அக்காவுக்கு அந்த வயதில் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். பதினெட்டில் வைப்பார். போர்வை இருபத்தாறில் வைப்பார். அன்றைக்கு இருபது என்று நினைத்து அக்கா இருபத்தாறிலேயே விட்டுவிட்டு, "இன்னிக்கு ஏ.சி. சரியில்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"ரிமோட்டுல இருபதுக்கும் இருபத்தாறுக்கும் வித்தியாசம் தெரியலை. இவங்கதான் பருந்தாம்!" என்றார் போர்வை. விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்ல வேண்டிய ஆளிடமா அதைச் சொல்வது?

"போர்வைக்குள்ள இருந்து பார்த்தா இருட்டுத்தான் தெரியும். அதான் உன் கட்டத்துல எப்பவும் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை'ன்னு எழுதிட்டிருக்கே" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

பட்டது இருவருக்குமே தொழிலில். அதோடு பேச்சு நின்றது. ஓரப்பேச்சுக்குப் பதில் சீட்டு வந்தது. 'ஓரம் சுத்தம்' என்று எழுதி, மற்றவர் மேசை நுனியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. இரண்டு வார்த்தை. விதிக்கு அது போதும்.

இப்படி ஒன்பது நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் பகல், தண்ணீர் பாட்டிலை நிரப்ப அக்கா இரண்டாம் மாடிக்கு இறங்கினார். அங்கே தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் குட்டையான, தோள் அகன்ற ஒரு மனிதர், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சாப்பிடவில்லை. டப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார் போல் இருந்தது.

"உக்காருங்கக்கா. பார்த்து உக்காருங்க, இந்தப் பெஞ்சு என் கப்பலை விட அதிகமா ஆடுது."

"கப்பல்ல வேலையா தம்பி?"

"கேப்டன். சிமெண்டு மூட்டை ஏத்தற சின்னக் கப்பல். மூணு மணி வரைக்கும் கேப்டன். அப்புறம் என்னன்னு உள்ள இருக்கற துறைமுக அதிகாரி சொல்லுவாரு."

"ஏன், என்ன ஆச்சு?"

"நிக்காத கப்பலை நின்னுச்சுங்கறாங்க. மீன் முட்டையிடற திட்டு ஒண்ணு இருக்கில்ல, சிவப்புக் கோடு போட்டு யாரும் உள்ள வரக்கூடாதுன்னு வெச்சிருக்காங்களே, அதுக்குள்ள போய் நான் நங்கூரம் போட்டுப் படுத்துக்கிட்டேனாம். பெட்டியை வெச்சு வெளியில போற மாதிரி பொய் சொன்னேனாம்." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நின்னிருந்தா நல்லா இருக்குமேன்னுதான் அன்னிக்கு நானும் வேண்டிக்கிட்டேன் அக்கா. நிக்க முடியலை."

"நிக்க முடியலைன்னா?"

"கப்பல் இன்ஜினைக் கிளப்பறதுக்கு அடைச்சு வெச்ச காத்து வேணும். எங்க காத்து மிஷின் அன்னிக்கு விடியக்காலையே மண்டையைப் போட்டுடுச்சு. ஒரு தடவை இன்ஜினை நிறுத்தினா அவ்வளவுதான், திரும்ப எழுந்திருக்காது. நடுக்கடல்ல கிடக்க வேண்டியதுதான். அதனால துறைமுகம் வர்ற வரைக்கும், பதினாலு மணி நேரம், நிறுத்தவே இல்லை. இன்ஜினியரு ஆஸ்பத்திரியில நோயாளி பக்கத்துல உக்கார்ற மாதிரி இன்ஜின் பக்கத்துலேயே உக்காந்திருந்தாரு."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றபடி அக்கா எழுந்து போய்ப் பாட்டிலை வைத்துக் குழாயைத் திறந்தார்.

"சொல்லாம? மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஒரு கதை வெச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டாங்க. மேல ஒரு பருந்து இருக்காம். பதினொரு வருஷத்துல ஒரு தப்புக்கூடப் பண்ணாத பருந்தாம். அது நின்னுச்சுன்னு எழுதினா நின்னதுதானாம்." அவர் டப்பாவை மூடினார். "இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன் அக்கா. அந்த உரிமம் போச்சுன்னா வேற எந்தக் கப்பல்லயும் சேத்துக்க மாட்டாங்க. கரையில எனக்கு நேரா நடக்கக்கூட வராது."

பாட்டில் நிரம்பி வழிந்து அக்காவின் செருப்பு நனைந்தது. குழாயை மூடத் தோன்றவில்லை. கேப்டன்தான் எழுந்து வந்து மூடினார்.

படி ஏறும்போதே அக்காவுக்கு அந்தப் படம் கண்ணுக்குள் வந்துவிட்டது. சனிக்கிழமைப் படம். அவருடைய கட்டம். கோட்டுக்கு உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் வால் இல்லை. ஓடுகிற கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில் நீளமாய் ஒரு தடம் இருக்கும். தடம் இல்லையென்றால் நிற்கிறது. 'எல்லைக்குள் நிற்கும் கப்பல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவர்தான். அந்த மனிதர் பொய் சொல்கிறாரா? பொய் சொல்கிறவன் காத்து மிஷினை இத்தனை நுணுக்கமாய் ஏன் கொண்டு வருகிறான்?

மேசைக்கு வந்து படத்தைத் திறந்து பெரிதாக்கினார். அப்போதுதான் உறைத்தது. நிற்கிற கப்பல் குண்டூசித் தலை மாதிரி பளிச்சென்று விழும். இந்தப் புள்ளி ஈரத் தாளில் வைத்த மை மாதிரி கொஞ்சம் கசங்கியிருந்தது. அலையில் ஆடியிருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அலையே இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தச் செயற்கைக்கோள் சாதாரணக் கேமரா போலப் படம் எடுப்பதில்லை. கீழே ஒரு ஒலியில்லாத அலையை அனுப்பி, பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. மேகமானாலும் மழையானாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் ஓடுகிற பொருளில் பட்டுத் திரும்பும் அலை, ஓடும் ரயிலின் ஊதல் மாதிரி, கொஞ்சம் சுருதி மாறி வரும். கருவிக்கு அது புரியாது. சுருதி மாறியதை இடம் மாறியதாக எடுத்துக்கொண்டு, கப்பலைக் கொஞ்சம் தள்ளி வரைந்துவிடும். தடம் வெறும் தண்ணீர், அது எங்கும் ஓடுவதில்லை, அதனால் தடம் மட்டும் சரியான இடத்தில் விழும். ஆக, ஓடுகிற கப்பல் தன் தடத்தைவிட்டு நூற்றுக்கணக்கான மீட்டர் விலகித் தெரியும். பார்வையாளர்கள் புள்ளியை நம்ப மாட்டார்கள். தடம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் கப்பல் இருந்த இடம் என்று குறிப்பார்கள். அக்கா இதை ஆயிரம் தடவை செய்தவர்.

அப்படியானால் இந்தக் கப்பலின் தடம் எங்கே? மேலே இல்லை, பக்கத்தில் இல்லை. கீழே பார்க்கலாமென்றால் அவருடைய கட்டம் அங்கே முடிந்துவிட்டது. அடுத்த கட்டம் போர்வையுடையது. அவரவர் கட்டத்தை அவரவர்தான் திறக்க முடியும்.

நாலடி தூரம். அக்காவுக்கு அது நாலு மைல். மணி ஒன்றரை. அவர் எழுந்து போய் நின்றார்.

"தம்பி."

போர்வை மூக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, உன்னைத்தான்."

"சீட்டு எழுதி வைங்கக்கா. அதானே இப்போ வழக்கம்."

"சீட்டுல அடங்காது. போன சனிக்கிழமை உன் கட்டத்தைக் கொஞ்சம் திறந்து காட்டு."

"எதுக்கு? என் கட்டத்துல இருட்டுத்தானே தெரியும்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு பதில் அக்காவின் நாக்கு நுனியில் இருந்திருக்கும். அன்றைக்கு அதை விழுங்கினார்.

"நான் சொன்னது தப்புடா தம்பி. உன் கண்ணு நல்ல கண்ணு. இத்தனை வருஷமா ஓரத்துல என்னைக் காப்பாத்தினது அந்தக் கண்ணுதான். என் மேல கோவம் இருந்தா நாளைக்கு நாள் பூரா திட்டு, கேட்டுக்கறேன். இப்போ காட்டு. மூணு மணிக்கு ஒரு மனுஷன் பொழப்பு போகப் போகுது. போக வெச்சது நான்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து படத்தைத் திறந்தது. அந்தக் கட்டத்தின் மேல் ஓரத்திலிருந்து மூன்று விரல் கீழே, தடித்த பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு கிழக்கிலிருந்து மேற்கே வந்து சட்டென்று நின்றிருந்தது. அதன் தலையில் எதுவும் இல்லை. பக்கத்துக் குறிப்பில் போர்வையின் கையெழுத்து: 'ஆளில்லாத் தடம். சிறு படகாக இருக்கலாம்.'

"இவ்வளவு நீளத் தடம் சின்னப் படகுக்கு ஏதுடா?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன்." போர்வையின் குரல் இறங்கிவிட்டது. "உங்ககிட்ட கேக்கலாம்னுதான் திரும்பினேன் அக்கா. நீங்க மூஞ்சியை அந்தப் பக்கம் வெச்சிருந்தீங்க. ரெண்டு விரலுக்குக் கீழ இருக்கு, விதிப்படி சொல்ல வேண்டியதில்லைன்னு 'சுத்தம்'னு எழுதி வெச்சுட்டேன்."

"நானும் சுத்தம்னு எழுதி வெச்சேன்."

இரண்டு கட்டங்களையும் சேர்த்து வைத்தார்கள். மேலே தடமில்லாத கப்பல். கீழே கப்பலில்லாத தடம். நடுவில் வெட்டுக்கோடு. ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு ஐந்து நாளாக நின்றிருந்தன.

"அக்கா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கப்பலைத் தலை வேற உடம்பு வேறயா ஆக்கிட்டோம்."

"பேசினது போதும், அளந்து பாரு."

புள்ளிக்கும் தடத்தின் தலைக்கும் நடுவே நானூறு மீட்டர். பெட்டி சொன்ன வேகத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், அந்த வேகத்தில் ஓடும் கப்பல் விலகித் தெரிய வேண்டியதும் அதே நானூறு. தடத்தின் தலையில் கப்பலை எடுத்து வைத்தார்கள். சிவப்புக் கோட்டுக்கு வெளியே, நூற்றைம்பது மீட்டர் தள்ளி, பெட்டி சொன்ன இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, மூணு மணிக்கு முன்னாடி காட்டினியே" என்றார். போர்வை எழுந்து நின்றதில் போர்வை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லாமல் இருவரும் பிரிவுத் தலைவி மேடத்தின் அறைக்கு ஓடினார்கள்.

மேடம் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாய் ஆளுக்கு ஒரு பக்கம் போனவர்கள் ஒரே கதவில் தோள் இடித்துக்கொண்டு நுழைவதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். முழுக்கக் கேட்டார். இரண்டு கட்டங்களையும் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து திருத்தப் படிவத்தை எடுத்தார். அதில் தூசி இருந்தது.

"இதை உங்களுக்காக எடுப்பேன்னு நினைக்கவே இல்லை பருந்தக்கா. கப்பலோட சரியான இடத்தை எழுதுங்க. கீழ தவறுக்குக் காரணம்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. கருவிப் பழுது, கடல் கொந்தளிப்பு, பிற. மூணுல ஒண்ணைக் குறிக்கணும்." கொஞ்சம் தயங்கி, மெதுவாகச் சொன்னார்: "கொந்தளிப்புன்னு போட்டுடுங்களேன். கேப்டனுக்கு எப்படியும் உரிமம் கிடைச்சுடும். உங்க பதினொரு வருஷப் பேரும் தப்பிச்சுடும். ஒரு டிக்குத்தானே."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை அது. அக்காவின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே போய் நின்றும்விட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. கடல் வந்து சாட்சி சொல்லப் போகிறதா?

பேனா இறங்கவில்லை.

"அன்னிக்குக் கடல் தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி இருந்துச்சு மேடம். ஒரு பாவமும் அறியாத கடல். ஒரு மனுஷன் மேல போட்ட பழியை எடுத்து அது மேல போடறதா? வேண்டாம்."

"அப்போ என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததை."

"அக்கா, என் கையெழுத்து கொஞ்சம் நல்லா இருக்கும், நான் எழுதறேன்" என்றார் போர்வை.

"தப்பு என் அறிக்கையில. எழுத்துப் பெரிசா இருந்தாலும் நானே எழுதறேன்." ஐந்தாம் வகுப்பில் பழகிய குண்டு குண்டு எழுத்தில், 'பிற' என்ற இடத்தில் நாலு வரி எழுதினார். கோடு போதாமல் கடைசி வரி ஓரத்தில் ஏறியது. கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேடம் படித்துப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு இரண்டாம் மாடி அறையில் துறைமுக அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே கேப்டன், தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு. மேடத்துக்குப் பின்னால் அக்காவும் போர்வையும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாய் வந்த பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றார்கள். போர்வை சுற்றிக்கொள்ளாததால் தம்பியை அக்காவுக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

அதிகாரி படங்களைப் பார்த்தார், கேள்வி கேட்டார், அளவை மறுபடி எடுக்கச் சொன்னார். போர்வை எடுத்துக் காட்டினார். அதே நானூறு. அதிகாரி தலையாட்டிவிட்டுப் படிவத்தின் கீழ்ப்பகுதியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"தவறுக்குக் காரணம்: ஏ.சி.யைப் பதினெட்டில் வைப்பதா இருபத்தாறில் வைப்பதா என்ற சண்டையில் பார்வையாளர் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. படம் வந்தது சண்டையின் ஐந்தாம் நாள். கப்பல் என் கட்டத்திலும் தடம் அவர் கட்டத்திலும் இருந்தன. பேசியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கடலில் தவறில்லை, கருவியில் தவறில்லை, கேப்டனிடமும் தவறில்லை."

அதிகாரி நிமிர்ந்தார். "முப்பது வருஷமா இந்தப் படிவத்தைப் பாக்கறேன். இந்த மாதிரி ஒரு காரணத்தை நான் படிச்சதில்லை."

"உண்மை அதுதாங்க" என்றார் அக்கா.

கேப்டனுக்குத் தாங்கவில்லை. "ஐயா, ஏ.சி.யிலயா போச்சு என் மானம்? எங்க கப்பல்ல ஃபேனே சுத்தாது!" என்று சொல்லித் தொடையில் அடித்துச் சிரித்தார். மேடம் அடக்கி வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. அதிகாரி மட்டும் சிரிக்காமல் முத்திரையை எடுத்துக் குத்தினார். குத்தும்போது அவர் தோளும் குலுங்கியது. உரிமப் புத்தகத்தைக் கேப்டனிடம் நீட்டி, "போய் அந்தக் காத்து மிஷினைப் புதுசா மாத்துங்க" என்றார்.

வெளியே வந்ததும் கேப்டன் அக்காவை உற்றுப் பார்த்தார். "தண்ணி பிடிக்க வந்தவங்கதானே? நீங்களா அந்தப் பருந்து?"

"நான்தான்யா. மன்னிச்சுக்கோ."

"பெஞ்சுலேயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"அப்போ நான்தான் சரின்னு நினைச்சிட்டிருந்தேன். பருந்துன்னா அப்படித்தான், மேல இருந்து பாக்கறதுனால எல்லாம் தெரியும்னு ஒரு எண்ணம். இவன் கீழ்க் கட்டத்துல தடத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அக்கா, என்னையும் சேர்த்துத்தான் திட்டுங்க" என்றார் போர்வை.

கேப்டன் உரிமப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, "கிடைச்சுடுச்சு" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது. கேப்டன் முகம் மாறியது. போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி. அஞ்சு நாளா நான் கதை விடறேன்னு நினைச்சிட்டிருக்கா. இப்பவும் நம்ப மாட்டேங்கறா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அக்கா போனை வாங்கிக்கொண்டு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, நான் படம் பாக்கற ஆபீஸ்லேருந்து பேசறேன். சனிக்கிழமை காலையில உங்க வீட்டுக்காரர் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நூத்தம்பது மீட்டர் தள்ளி, மேற்கே பார்த்து, நிக்காமப் போயிட்டிருந்தாரு. நானே பார்த்தேன். கூட இன்னொருத்தரும் பார்த்தாரு."

அந்தப் பக்கமிருந்து அந்த அம்மா தணிந்த குரலில், கவனமாகக் கேட்டாள்.

"ரொம்ப நன்றிங்க. அப்படியே போன மாசம் எட்டாம் தேதி எங்க இருந்தாருன்னும் பார்த்துச் சொல்ல முடியுமா?"

அக்கா கேப்டனைப் பார்த்தார். கேப்டன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார்.